புகார் ஆட்டம்

கீழே இருந்த பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வந்தால் அந்த அக்கா உடனே சாப்பிட மாட்டார். இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்ப்பார். தேங்காய் குறைவாக இருந்தால், "பாத்தீங்களா, ஏமாத்திப்போட்டான்" என்பார். நிறைய இருந்தால், "நேத்து மீந்ததையெல்லாம் இதுலயே அடைச்சுப்போட்டான்" என்பார். பேக்கரிக்காரர் எந்த வழியிலும் தப்ப முடியாது.

கரண்ட் போனால் முதலில் ஜன்னல் வழியாக எதிர்க்கடையைப் பார்ப்பார். அங்கேயும் இருட்டாக இருந்தால்தான் கரண்ட் போனதை ஒப்புக்கொள்வார். மீட்டர் பார்க்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டுத் திரும்பினால், இவர் முக்காலி போட்டு ஏறி மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "செரி, போங்க" என்று அனுப்பிவைப்பார். மீட்டர்காரர் அதுவரை கை கட்டி நிற்பார். கோபித்துக்கொள்ளவும் முடியாது. இத்தனை சந்தேகத்தையும் அக்கா ஒரு 'ங்க' குறையாமல்தான் படுவார்.

காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள், அந்தப் பேக்கரியின் மாடியில் இருந்தது வீடியோ கேம் கடை. நான் சொல்வது தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு வாக்கில். கடை அக்காவின் தம்பியுடையது. தம்பிக்குத் திருப்பூரில் பனியன் தொழில். கடைப் பக்கம் எப்போதாவதுதான் வருவார். நான் போக ஆரம்பித்து ஒரு வருடம் வரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை. டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பது அக்காதான். நாற்பதை நெருங்கிய வயது. கருமத்தம்பட்டிப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, என்னவோ ஆகி, தம்பி வீட்டுக்கே வந்துவிட்டவர். என்ன ஆனது என்று யாராவது கேட்டால், "தெரிஞ்சு என்னங்க பண்ணப்போறீங்க?" என்று கேட்டவரையே குறுக்கு விசாரணை செய்துவிடுவார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத் கடைசலிலிருந்து வரும் ஷாஃப்டுகளை அளந்து பார்த்து, ஆகாததை ஒதுக்கி, ஏன் ஆகாது என்று சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். எட்டு மணி நேரம் எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அக்கா அதையே சும்மா செய்துகொண்டிருந்தார் என்பதால், பார்த்த நாளிலிருந்தே அவரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

மூலையில் இருந்த சண்டை மெஷின்தான் கடையின் உயிர். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கொரு ஸ்டிக்கும் ஆறு பட்டனும் வைத்துக்கொண்டு, திரையில் இருக்கும் இரண்டு ஆட்களை மோதவிட வேண்டும். அந்த ஆட்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள் இருந்தன. எங்களுக்கு மொட்டை, நெட்டையன், ஜடைக்காரி, பைல்வான், அவ்வளவுதான். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் ஆறு பட்டனையும் மாவு பிசைவதுபோல் அமுக்கித்தான் ஆடினேன். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் அடி விழாது என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

அக்கா அந்த மெஷினுக்கு வந்த கதை வேறு. தாராபுரத்துக்காரர் ஒருவர் எங்களுடன் ஆடுவார். அடுத்த தெரு லாரி ஆபீசில் குமாஸ்தா. ஊர்க் கதை முழுவதும் அவர் வாயில் இருக்கும், ஜெயித்தாலும் சத்தம், தோற்றாலும் சத்தம். ஒருநாள் தோற்றுவிட்டு மேசைக்குப் போனார்.

"அக்கோவ், அந்த வலது பக்கத்துல உதைக்கற பட்டன் வேலை செய்யலீங்க. டோக்கனைத் திருப்பிக் குடுங்க."

"எந்த பட்டனுங்க?"

"கடைசி பட்டனுங்க. அமுக்கறேன் அமுக்கறேன், காலைத் தூக்கவே மாட்டீங்கறான்."

அக்கா எழுந்து வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். தான் கொண்டுவரும் ஒயர் கூடையை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலை மெஷின் முன்னால் நடுவில் போட்டார். அந்தப் பக்கம் ஆள், இந்தப் பக்கம் அவர், நடுவில் கூடை. "நீங்க இடது பக்கம் நில்லுங்க. நான் இதுல நின்னு பாக்கறேன்" என்றார். யாருமே எடுக்காத பைல்வானை எடுத்தார். பைல்வான் நகரவே யோசிப்பவன். அவனை வைத்து, அந்தக் கடைசி பட்டனாலேயே, தாராபுரத்துக்காரரை இரண்டு சுற்றும் படுக்கவைத்துவிட்டு, "வேலை செய்யுதுங்களே கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆறேழு மாதமாக அவர் மேசையிலிருந்து எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டோக்கனுக்குப் பதிலாக வாஷரைப் போடுகிறோமா என்று கண்டுபிடிப்பதற்காக. வாஷர் கிடைக்கவில்லை, ஆட்டம் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகவே ஆனது. அக்காவோடு ஆட வேண்டுமென்றால் புகார் சொல்ல வேண்டும். சும்மா கூப்பிட்டால் வரமாட்டார். "எனக்கென்ன வேற சோலியில்லீங்களா?" என்பார். "வலது பக்கம் பட்டன் போச்சுங்க்கா" என்றால் போதும், கூடையோடு எழுந்துவிடுவார். சொல்கிறவருக்கும் பொய்யென்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இருந்தாலும் எந்த பட்டன், எப்போதிலிருந்து, அமுக்கினால் சத்தம் வருகிறதா என்று முழு விசாரணையும் நடக்கும். இதற்குப் புகார் ஆட்டம் என்று பெயர் வைத்தோம். ஒரு நாளைக்கு நாலைந்து புகார் வரும். எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்துவைப்பார்.

அவருடைய ஆட்டத்தின் ரகசியம் எதையும் நம்பாததுதான். நெட்டையன் கையை ஓங்கினால் நாங்களெல்லாம் பதறித் தடுப்போம். அக்கா அசைய மாட்டார். "இது சும்மா போக்குக் காட்டறதுங்க" என்று முணுமுணுப்பார். அடுத்து நிஜமான அடி வரும். அதைத் தடுத்து, ஆளைப் பிடித்து, தலைகீழாகத் தூக்கிப் போடுவார். நான் குதிக்கப் போவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் புடிக்க வாரேன்னு எப்பிடீங்க்கா தெரிஞ்சுது?"

"நான் டிவிய எங்க பாத்தேன் தம்பி? உங்க தோளையில்ல பாத்தேன். புடிக்கறதுக்கு முன்னாடி வலது தோளு மேல ஏறுது."

அதற்குப் பிறகு பல நாள் கண்ணாடி முன்னால் நின்று என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் சில்லறை கேட்கும்போதுகூடத் தோள் ஏறுகிறதோ என்று சந்தேகம் வந்தது. தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பெனியில் ஒதுக்கின ஷாஃப்டுக்கு எழுதுகிற மாதிரியே சீட்டு எழுத ஆரம்பித்தேன். குறை: அவசரப்பட்டுக் குதித்தது. குறை: மூன்று முறை ஒரே அடி. அக்கா அதைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "என்னமோ எழுதறீங்களே, ஆருக்குங்க? கார்ப்பரேசனுக்கா?" சீட்டை வாங்கி முழுவதும் படித்தார். தன்னிடம் தோற்ற கணக்கு என்று தெரிந்த பிறகும், திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

சீட்டெழுதியும் ஜெயிக்க முடியாதபோது எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு மனுஷி இவ்வளவு ஜெயிக்க முடியாது. மெஷினில் ஏதோ செய்து வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஆளில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் கீழே பன் வாங்கப் போன சமயத்தில், வலது பக்கத்து பட்டன் ஒவ்வொன்றிலும் தகட்டைச் சொருகி, அமுக்கி, எடுத்து, மறுபடி அமுக்கிப் பார்த்தேன். களவைக் கண்டுபிடிக்கப் போனவனுக்குக் கிடைத்தது வேறு. அக்கா பக்கத்துக் கடைசி பட்டன் நிஜமாகவே போயிருந்தது. மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் பிடித்தது. அதை வைத்துக்கொண்டுதான் எங்களை இந்த அடி அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்ன பொய்களுக்கு நடுவில் அந்த பட்டன் உண்மையாகவே பழுதாகி, அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"உங்களுக்கு அந்தப் பக்கந்தானே பழக்கம்? இந்தப் பக்கம் எதுக்கு நிக்கறீங்க?"

"அக்கா, நீங்க மெஷின்ல என்னமோ பண்ணி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுப் பாத்தேனுங்க. பாத்தா உங்க பட்டன்தான் போயிருக்குது. மூணு அமுக்குக்கு ஒண்ணுதான் உழுகுது."

"அப்பிடிச் சொன்னா நான் ஆட வருவன்னு பாக்கறீங்க."

"இல்லீங்க்கா. இன்னைக்கு ஆட்டம் வேண்டாங்க. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க."

ஆட்டம் வேண்டாம் என்று சொன்னதுதான் அவரை யோசிக்க வைத்தது. மூன்று நாள் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் மெக்கானிக் வந்து கழற்றினார். உள்ளே ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்து, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"இத்தனை பேரு இத்தனை நாளா பட்டன் போச்சு, பட்டன் போச்சுன்னீங்க. ஒருத்தராச்சும் நெசத்தைச் சொன்னீங்களா? இந்தத் தம்பி ஒருத்தருதான் சொன்னாரு. அதும் எதிராளி பட்டனை!"

அதற்குப் பிறகு என் கையில் அவர் கண் வைக்கவே இல்லை. வெளியே போனால், "கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி" என்று மேசையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். ஒரு மழை நாளில், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, கேட்காமலே சொன்னார். "ஊட்ல இருந்தா, சோறாக்குனியா, பாத்தரம் கழுவுனியாம்பாங்க. இங்க வந்தா பத்துப் பேரு அக்கா, அக்காங்கறீங்க. இந்தச் சேர்ல ஒக்காந்திருக்கறவரைக்குந்தானுங்க நான் ஒரு ஆளு." நான் தலையாட்டினேன். இவ்வளவு சொல்கிற அளவுக்கு என்னை நம்புகிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

ஆனால் புது ஸ்பிரிங் போட்ட பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. நான் சரிசெய்து கொடுத்த காலாலேயே என்னை உதைத்தார். வரிசையாகப் பதினொரு ஆட்டம். பதினொன்றாவது ஆட்டம் முடிந்த சாயங்காலம் முகம் செத்துப்போய்க் கீழே பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். மரியாதையான ஆள்.

"ஏனுங்க, மேல கடையில கூட்டம் எப்பிடீங்க?" என்றார்.

இந்தக் கேள்வியை எவன் கேட்பான் என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்குப் பார்த்து அது வேலை செய்யவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்த நுணலுக்காவது பக்கத்தில் பாம்பு இருப்பது தெரிந்திருக்கும்.

"கூட்டத்துக்கென்னுங்க. அந்த அக்கா ஆடறதைப் பாக்கவே ஆளு வருது. ஒவ்வொருத்தனா நிக்கவெச்சு அடிக்கறாங்க."

"அப்பிடீங்களா? அவங்களே ஆடறாங்களா?"

"தெனமுங்க. ஆம்பளைங்களோட தோளோட தோள் நின்னு. ஜெயிக்கறது நெசமா, இல்ல என்னமோ இருக்குதான்னு அதுதான் தெரியலீங்க."

புகழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் பதினொரு ஆட்டத்தின் புளிப்பும் சேர்ந்துகொண்டது. மெஷினை நானே பார்த்தாயிற்று, அதில் ஒன்றும் இல்லையென்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். ஒயர் கூடையையும் சொல்லாமல் விட்டேன். நடுவில் கூடை இருக்கும் என்று சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும் அல்லவா? அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அக்காவின் முகம் அழுது வீங்கியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து மேசைக்கு வேறு ஆள் போடப்போகிறானாம் தம்பி. "ஆரோ போய்ச் சொல்லிப்போட்டாங்க தம்பி. ஆம்பளைங்களோட தோளோட தோள் நின்னு ஆடறியாமான்னு கேக்கறான். அவன் அப்பிடிக் கேட்டதே இல்லீங்க." தோளோட தோள் என்ற சொல் என்னுடையது. வெள்ளைச் சட்டைக்காரர் யாரென்று அந்த நொடியில் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாராபுரத்துக்காரர் படியேறி வந்தார். அக்கா எழுந்து நின்றார்.

"அங்கயே நில்லுங்க. எந்தம்பிகிட்டப் போய் என்னங்க சொன்னீங்க?"

"நானுங்களா? முருகன் மேல சத்தியமா உங்க தம்பி கறுப்பா செவப்பான்னே எனக்குத் தெரியாதுங்க்கா!"

"ஊர்க் கதையெல்லாம் உங்க வாயிலதானுங்க இருக்குது. இனிமே இந்தப் படியேற வேண்டாமுங்க."

அவர் துணைக்கு என் முகத்தைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். சத்தத்துக்குப் பேர் போன அந்த மனிதர் சத்தமே இல்லாமல் இறங்கிப்போனார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் வந்தார். "சனிக்கெழமை சாயங்காலம் எந்தம்பி வாரான். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணும் தம்பி. புகாரு வந்தா மெஷினைப் பாக்கத்தான் எந்திரிச்சுப் போறேன், அது என் வேலைதான்னு சொல்லோணும். நான் சொன்னா நம்பமாட்டீங்கறான். பொய் பேசத் தெரியாத ஆளு ஒருத்தரு இருக்காருன்னு உங்களைச் சொல்லி வெச்சிருக்கேன்."

சனிக்கிழமை வரை என்னென்னவோ யோசித்தேன். ஜுரம் என்று சொல்லிவிடலாமா, மீசையை எடுத்துவிட்டுப் போகலாமா என்றுகூட. கடைசியில் போனேன். கூடையைப் பற்றிச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவேளை அவருக்கு என் முகம் மறந்திருக்கும் என்றும் ஒரு நப்பாசை.

அக்காவின் நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இவருதான் கண்ணு நான் சொன்னவரு. பம்பு கம்பெனில செக்கிங் பாக்கறாரு. இவரு வாயில பொய் வராது. என்ன நடக்குதுன்னு இவரையே கேட்டுக்க."

தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "வாங்க, ஒக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இவரை எனக்குத் தெரியுமுங்க்கா. கீழ பேக்கரில எங்கிட்டச் சொன்னதே இவருதான். வேற ஆராச்சும் சொல்லியிருந்தா நான் காதுலயே போட்டிருக்கமாட்டேன்."

"நடுவுல கூடை வெச்சிருப்பாங்க" என்றேன். "தோளெல்லாம் படாதுங்க. நடுவுல ஸ்டூலைப் போட்டு, ஒயர் கூடை..."

"அன்னைக்கு அந்தக் கூடையைச் சொல்லலீங்களே நீங்க."

"மறந்துட்டேனுங்க."

"செரிங்க" என்றார் தம்பி. அக்கா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் வாயில் பொய் வராது என்று அக்கா சொன்னதை, நான் முதலில் பேக்கரியில் சொன்னதற்குச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட ஏதாவது உளறி, காலில் விழுந்திருப்பேன். அவர் மேசையைப் பார்த்தபடி, "அப்ப, அந்தத் தாராபுரத்துக்காரரை நான் சும்மாவா வெரட்டிப்போட்டேன்?" என்றார்.

பிறகு என்னிடம், "லாரி ஆபீசுக்குப் போய், நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க தம்பி. தப்பு அவரு மேல இல்லீன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்றார். அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு அதுதான். குத்திக் காட்டினாரா, இல்லை அப்போதும் அப்படித்தான் நினைத்தாரா? இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் தலை நிமிராமல் படியிறங்கினேன்.

லாரி ஆபீசில் தாராபுரத்துக்காரர் பில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா உங்களை வரச் சொன்னாங்க. நீங்க சொல்லலீன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க" என்றேன்.

"நான்தான் அப்பவே சத்தியம் பண்ணினனே! மூணு நாளாத் தூக்கமில்லீங்க, வெசனம் புடிச்சுப்போச்சு. சொன்னவன் ஆருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"தெரியலீங்க."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்காக நீங்கதான் பேசியிருப்பீங்க. எனக்குத் தெரியுமுங்க. நீங்க நல்லா இருக்கோணும்" என்றார். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.